ரத்தச் சர்க்கரை: மகனுக்கு 7, தந்தைக்கு 8 என்பது முரண்பாடா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. உங்களுக்கு வயது 46. அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.6 சதவீதம் என்று வந்திருக்கிறது. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் 7-க்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் தந்தைக்கு வயது 78. இருபது ஆண்டாகச் சர்க்கரை நோய், ஒருமுறை மாரடைப்பும் வந்தவர். அவருக்கு 7.0 இருப்பதைப் பார்த்த அவருடைய மருத்துவர், இந்த வயதில் 8-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்று ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். இதற்கிடையில், சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தவர்கள் கூடுதலாக இறந்துபோன ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றியும் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் இந்த எண்ணைக் குறைப்பதால் உண்மையில் பயன் உண்டா, ஒரே வீட்டில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது ஏன் என்று கேட்கிறீர்கள்.

இரண்டு மருத்துவர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு காலமாக உயர்ந்திருக்கிறது, இனி எத்தனை ஆண்டுகள் அதோடு வாழ வேண்டியிருக்கிறது, அதை எவ்வளவு வேகமாக, எந்த மருந்தால் குறைக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து அதே எண்ணுக்குப் பொருள் மாறுகிறது. இது மருத்துவர்களின் யூகம் அல்ல. கடந்த பல பத்தாண்டுகளில் பல்லாயிரம் நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வுகள் சிறிது சிறிதாக, இடையில் ஒரு பெரிய அதிர்ச்சியையும் தந்து, உணர்த்திய உண்மை. அந்த ஆய்வுகளின் வழியாகவே விளக்குகிறேன். அப்போதுதான் நீங்கள் படித்த அந்த ஒற்றைச் செய்தி எங்கே பொருந்துகிறது என்பது தெளிவாகும்.

உயர்ந்த சர்க்கரைதான் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 1980-களில்கூட அது நிரூபிக்கப்படாத கருத்தாகவே இருந்தது. அந்தப் பாதிப்புகள் பரம்பரைக் கூறுகளால் தனியே வருபவை, சர்க்கரையை எவ்வளவு குறைத்தாலும் வந்தே தீரும் என்று வாதிட்ட அனுபவமிக்க மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் அப்படி நினைத்ததற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1961-இல் அமெரிக்காவில் யுஜிடிபி என்ற ஆய்வு தொடங்கியது. இரண்டாம் வகை நீரிழிவு (இன்சுலின் சரிவர வேலை செய்யாத, பெரும்பாலும் நடுவயதில் வரும் வகை) உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த அந்த ஆய்வின் முடிவு 1970-இல் வெளியானபோது, டோல்பியூட்டமைடு என்ற மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில் இதயநோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வு நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிய சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை. சர்க்கரையைக் குறைப்பது நல்லதா என்ற அடிப்படைக் கேள்வியே அதனால் தொங்கலில் நின்றது.

அந்தக் கேள்விக்கு முடிவு கட்டியது, அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வு. 13 முதல் 39 வயது வரையிலான, முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோகும் வகை) உள்ள 1,441 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு இன்சுலின் ஊசி. இன்னொரு குழுவுக்கு நாளுக்கு மூன்று ஊசிக்குக் குறையாமல் அல்லது இன்சுலின் பம்ப், நாளுக்கு நான்கு முறையாவது விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தல், மாதந்தோறும் மையத்துக்கு வருகை. முதல் குழுவின் ஹெச்பிஏ1சி சராசரியாக 9-ஐ ஒட்டியும், இரண்டாம் குழுவினுடையது 7-ஐ ஒட்டியும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இரண்டு குழுவிலும் எல்லோருடைய விழித்திரையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல கோணங்களில் படம் எடுத்தார்கள். எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்பதே தெரியாத நிபுணர்கள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் படிநிலை வாரியாக மதிப்பிட்டார்கள். இந்த ஏற்பாட்டை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பரம்பரையே காரணம் என்ற வாதத்துக்குக் குலுக்கல் முறை விடையளித்தது, மருத்துவரின் ஆசை முடிவைச் சாய்த்துவிடும் என்ற ஐயத்துக்கு, குழு தெரியாமல் நடந்த மதிப்பீடு விடையளித்தது.

சராசரியாக ஆறரை ஆண்டுத் தொடர்கண்காணிப்புக்குப் பிறகு, தொடக்கத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களிடம் புதிதாக விழித்திரைப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு, கடுமையான கட்டுப்பாட்டில் இருந்த குழுவில் 76 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே லேசான பாதிப்பு இருந்தவர்களிடம் அது முற்றும் வேகம் 54 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. சிறுநீரில் புரதம் கசியும் அளவும் கணிசமாகக் குறைந்தது. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பதிவுசெய்தது. பிறர் உதவி இல்லாமல் மீள முடியாத அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகள் கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவில் மூன்று மடங்காயின. உடல் எடையும் கூடியது. தவிரவும், சர்க்கரையை முற்றிலும் இயல்பான அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அந்தக் குழுவின் இலக்காக இருந்தும், அத்தனை ஊழியர்களும் அத்தனை அக்கறையும் இருந்த இடத்தில், அதைத் தொடர்ந்து தக்கவைக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வீட்டில் தன்னந்தனியாக இதோடு போராடும் ஒருவரிடம், "கட்டுப்பாடு போதாது" என்று கடிந்துகொள்ளும் முன் மருத்துவர்களாகிய நாங்கள் நினைவில் கொள்ள வேண்டிய எண் அது.

உடலில் எந்தத் தொந்தரவும் இல்லையே என்கிறீர்கள். "எனக்கு ஒண்ணும் பண்ணல சார்" என்பது நீரிழிவுப் புறநோயாளிப் பிரிவில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம். அது பொய்யும் அல்ல. விழித்திரையில் நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடலின் பெரும்பாலான உயிரணுக்கள், ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது தமக்குள் வரும் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களால் அவ்வாறு செய்ய இயலாது. வெளியே எவ்வளவு சர்க்கரையோ, உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு புகுந்துவிடுகிறது. அந்த மிகைச் சர்க்கரையை எரிக்கும்போது உருவாகும் ஆக்சிஜன் கழிவுகள் உயிரணுவின் பல செயல்வழிகளை ஒரே நேரத்தில் கெடுக்கின்றன என்பதை மைக்கேல் பிரவுன்லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டு உழைப்பில் விளக்கினார். நுண்குழாயைச் சுற்றி அதைத் தாங்கிப் பிடிக்கும் உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. தாங்கல் இழந்த இடத்தில் குழாய்ச் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது. விழித்திரைப் படத்தில் அது குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பிறகு அந்தச் சுவர் வழியே நீரும் கொழுப்பும் கசிந்து மஞ்சள் திட்டுகளாகப் படிகின்றன. அதன்பின் சில குழாய்கள் அடைபட்டு, உயிர்வளி கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கவிடுகிறது. வலுவற்ற அந்தக் குழாய்கள் ஒருநாள் கண்ணுக்குள் உடைகின்றன. கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதியில் கசிவு ஏற்படாதவரை, இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த நபர் செய்தித்தாளின் சிறிய எழுத்தைத் தடையின்றிப் படிப்பார். சிறுநீரகமும் இப்படித்தான்: வடிகட்டும் திறனில் பெரும்பகுதியை இழந்த பிறகே கால் வீக்கமும் சோர்வும் வெளியே தெரியும்.

முதல் வகை நீரிழிவு உள்ள இளைஞர்களிடம் நிரூபிக்கப்பட்டது, உங்களைப் போல நடுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கும் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடி, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் டர்னர் தலைமையில் 1977-இல் பிரிட்டனில் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வு இருபது ஆண்டுகள் நடந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தை பூர்வீகமாகக் கொண்டவர். ஆகவே வெள்ளையர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த ஆய்வின் தொடக்கத்திலேயே தெரியவந்த ஒரு செய்தி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நோய் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இருந்தும் மூன்றில் ஒருவருக்கும் மேல், ஒரு கண்ணிலாவது அந்தச் சிவப்புப் புள்ளிகளோ அதற்கு மேற்பட்ட பாதிப்போ ஏற்கெனவே இருந்தது. நோய் கண்டறியப்பட்ட நாள், நோய் தொடங்கிய நாள் அல்ல. உங்களுக்கும் சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக உயர்ந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

1998-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பத்தாண்டுக் காலத்தில் கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவின் ஹெச்பிஏ1சி 7.0 ஆகவும், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 7.9 ஆகவும் இருந்தது. அந்த 0.9 வேறுபாடு, கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது. இத்தகைய சதவீதங்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. எண்ணிக்கையாகவும் பார்க்க வேண்டும். ஆயிரம் பேரை ஓராண்டு கண்காணித்தால், வழக்கமான சிகிச்சையில் 11.4 பேருக்கு வந்த நுண்குழாய்ப் பாதிப்பு, கடுமையான கட்டுப்பாட்டில் 8.6 பேருக்கு வந்தது. ஓராண்டுக்கு இது சிறிய லாபம். ஆனால் 46 வயதில் இருப்பவருக்கு முன்னால் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. இந்தச் சிறிய லாபம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். மாரடைப்பு 16 சதவீதம் குறைந்திருந்தாலும், அது தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியது என்ற எல்லைக்கு மயிரிழை அளவு இப்பால் நின்றுவிட்டதால், இதயத்துக்குப் பயன் உண்டு என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடல் எடை மிகுந்தவர்களில் மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்ட 342 பேரிடம் மட்டும், எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 36 சதவீதம் குறைந்திருந்தது. பெரும்பாலானோருக்கு முதல் மாத்திரையாக மெட்ஃபார்மின் எழுதப்படும் வழக்கத்துக்கு இந்தச் சிறிய குழுவின் முடிவு ஒரு முக்கியக் காரணம்.

உண்மையான வியப்பு, இரண்டு ஆய்வுகளும் முடிந்த பிறகுதான் வந்தது. டிசிசிடி முடிந்ததும் இரண்டு குழுவினருக்கும் ஒரே வகைச் சிகிச்சையைப் பரிந்துரைத்து, அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். சில ஆண்டுகளில் இரு குழுக்களின் ஹெச்பிஏ1சியும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஆனால் பாதிப்புகள் ஒன்றாகவில்லை. முன்பு ஆறரை ஆண்டு நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான இடைவெளி நீடித்தது. 2005-இல் வெளியான முடிவில், இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் 42 சதவீதம் குறைவாக இருந்தன. யுகேபிடிஎஸ் நோயாளிகளிடமும் இதே கதைதான். ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரு குழுக்களின் சர்க்கரை வேறுபாடு மறைந்துவிட்டது. ஆயினும் 2008-இல் வெளியான பத்தாண்டுத் தொடர்ச்சியில், முன்பு உறுதிப்படாமல் நின்ற மாரடைப்புக் குறைவு 15 சதவீதமாக உறுதிப்பட்டது, இறப்பும் 13 சதவீதம் குறைந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் ரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்களில் சர்க்கரை ஒட்டி உண்டாக்கும் மாற்றங்களும், மரபணுக்கள் இயங்கும் விதத்தில் நேரும் மாற்றங்களும் எளிதில் அழிவதில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். வட்டிக்கு விட்ட பணம் போல, நோயின் முதல் பத்தாண்டில் கிடைக்கும் கட்டுப்பாடு பின்னாளில் பெருகித் திரும்புகிறது. அலட்சியமும் அப்படியே பெருகித் திரும்புகிறது. உங்கள் மருத்துவர் 7 என்று பிடிவாதமாக நிற்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

இனி, நீங்கள் படித்த அந்த அமெரிக்க ஆய்வுக்கு வருகிறேன். அதன் பெயர் அக்கார்ட். 7 நல்லதென்றால் நோயே இல்லாதவருக்கு உள்ளது போல 6-க்குக் கீழே கொண்டுபோவது இன்னும் நல்லதாக இருக்கும் அல்லவா என்ற நியாயமான எதிர்பார்ப்போடு 10,251 பேரைச் சேர்த்து அதை நடத்தினார்கள். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். சராசரி வயது 62. நோய் வந்து ஏறத்தாழ பத்தாண்டு ஆனவர்கள். மூன்றில் ஒருவருக்கு ஏற்கெனவே மாரடைப்போ அதையொத்த நிகழ்வோ நேர்ந்திருந்தது. மற்றவர்களும் அந்த ஆபத்து மிகுந்தவர்கள். 8.1 ஆக இருந்த ஹெச்பிஏ1சியை நான்கே மாதத்தில் 6.7-க்கு இறக்கி, பிறகு 6.4-இல் நிறுத்தினார்கள். அதற்காகப் பலருக்கு மூன்று, நான்கு வகை மருந்துகளும் இன்சுலினும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றரை ஆண்டு ஆனபோது அந்தக் குழுவில் 257 பேரும், 7.5-இல் இருந்த மறுகுழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதி ஆய்வை உடனே நிறுத்தினார்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோனவர்கள் கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவில் 10.5 சதவீதம், மறுகுழுவில் 3.5 சதவீதம். நான்கில் ஒருவருக்கும் மேல் பத்து கிலோவுக்கு அதிகமாக எடை கூடியிருந்தது.

கூடுதல் இறப்புக்கு இன்னது காரணம் என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடியவில்லை. பின்னர் விவரங்களை அலசியபோது, கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஹெச்பிஏ1சி எளிதாக இறங்கியவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்பதும், எவ்வளவு மருந்து கொடுத்தும் இறங்காமல் உயர்ந்தே நின்றவர்களிடம்தான் இறப்பு மிகுந்தது என்பதும் தெரிந்தது. அதாவது குறைந்த எண்ணைவிட, இறங்க மறுக்கும் உடலை மருந்தின் மேல் மருந்து கொடுத்து இறக்க முயன்ற அந்த உத்தியே ஐயத்துக்குரியதாகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் இருபது நாடுகளில் 11,140 பேரிடம் நடந்த அட்வான்ஸ் ஆய்வு, ஹெச்பிஏ1சியை நிதானமாக 6.5-க்குக் கொண்டுவந்தது, அங்கே இறப்பு கூடவில்லை, குறையவும் இல்லை, சிறுநீரகப் பாதிப்பு மட்டும் 21 சதவீதம் குறைந்தது. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் அது விடுபட்டுவிடுகிறது: அக்கார்ட் ஆய்விலும்கூட விழித்திரைப் பாதிப்பு முற்றுவது, கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவில் 7.3 சதவீதமாகவும் மறுகுழுவில் 10.4 சதவீதமாகவும் இருந்தது. சர்க்கரை குறைந்தால் நுண்குழாய்கள் பிழைக்கின்றன என்ற பழைய முடிவை எந்த ஆய்வும் பொய்யாக்கவில்லை. இதயம் ஏற்கெனவே நலிந்த, நோய் முதிர்ந்த ஒருவருக்கு அந்தப் பயனைப் பெறக் கொடுக்கும் விலை அதிகமாகிவிடலாம் என்பதுதான் அக்கார்ட் சேர்த்த பாடம். "சர்க்கரையைக் குறைத்தால் சாவு" என்று தலைப்பிட்டு அதைப் பரப்புவது, மாத்திரையை நிறுத்த ஒரு சாக்கு தேடிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரின் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் தந்தையின் நிலை அக்கார்ட் நோயாளிகளுடையதையும் தாண்டியது. 78 வயதில், நல்ல கட்டுப்பாட்டின் பலன் முழுமையாகக் கைக்கு வர ஆகும் பத்துப் பதினைந்து ஆண்டுகளைவிட, இன்று இரவு ரத்தச் சர்க்கரை 50-க்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) இறங்கி, கழிவறைக்கு எழுந்து போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தே பெரிது. முதுமையில் சர்க்கரை தாழும்போது வழக்கமான படபடப்பும் வியர்வையும் தெரியாமலே போகலாம். குழறிய பேச்சும் குழப்பமும் மட்டும் வரும், வீட்டில் இருப்பவர்கள் அதை வயதின் தடுமாற்றம் என்றோ பக்கவாதம் என்றோ நினைத்துவிடுவார்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளே இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன, குறிப்பாக சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு 8-க்குக் கீழே என்ற இலக்கே போதும் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார் என்றதும் தந்தையைக் கைவிட்டுவிட்டாரோ என்று நீங்கள் கவலைப்பட்டது எழுத்தில் தெரிகிறது. அவர் செய்தது அக்கறையான சிகிச்சைதான்.

சர்க்கரை எண்ணைச் சுற்றியே பேசுவதால் வரும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அதே யுகேபிடிஎஸ்ஸின் ஒரு பகுதியாக 1,148 பேரிடம் ரத்த அழுத்தத்தை இறுக்கிக் கட்டுப்படுத்தியபோது, 154/87-க்குப் பதில் 144/82 என்ற அந்தச் சிறு வேறுபாடே பக்கவாதத்தை 44 சதவீதம் குறைத்தது. டென்மார்க்கில் வெறும் 160 பேரிடம் நடந்த ஸ்டெனோ-2 ஆய்வில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தார்கள். சராசரியாக எட்டாண்டுகூட ஆகாத அந்தச் சிகிச்சை, 21 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது ஏறத்தாழ எட்டு ஆண்டு கூடுதல் ஆயுளைத் தந்திருந்தது. என் பார்வையில், நீரிழிவு ஆய்வுகள் அனைத்திலும் மிகக் குறைவாகப் பேசப்படும், மிக அதிகமாகப் பேசப்பட வேண்டிய முடிவு இது. புதிய மருந்துகளின் கதையும் இதையே காட்டுகிறது. 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், இதயநோய் உள்ள 7,020 நீரிழிவு நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசின் (மிகைச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை) இதயநோய் இறப்பை 38 சதவீதம் குறைத்தது. ஹெச்பிஏ1சியில் அது ஏற்படுத்திய வேறுபாடு மிகச் சிறியது. அந்தப் பலனைச் சர்க்கரைக் குறைவால் மட்டும் விளக்க முடியாது. மாரடைப்பு வந்த உங்கள் தந்தைக்கு, எவ்வளவு குறைக்கிறோம் என்பதைவிட எந்த மருந்தால் குறைக்கிறோம் என்பது முக்கியமாவது இதனால்தான். சிறுநீரகத்தின் செயல்திறன் இடம் கொடுத்தால் இந்த வகை மருந்து அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

நம் மக்களுக்கு இந்த ஆய்வுகள் எவ்வளவு பொருந்தும் என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. மேலைநாட்டினரைவிடக் குறைந்த உடல் எடையிலும் இளைய வயதிலும் நமக்கு இந்த நோய் வருகிறது. அதனால் உயர்ந்த சர்க்கரையோடு கழியும் ஆண்டுகள் நமக்குக் கூடுதல். விளிம்பில் இருப்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே நல்ல விடை உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டார்கள். உணவிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இந்தப் பயன் கிடைத்தது. உங்கள் உடன்பிறந்தவர்கள் வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு வருகிறேன். 8.6 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை சராசரியாக 200-ஐ ஒட்டி இருந்திருக்கிறது; 7 என்பது 154 அளவுக்குச் சமம். சிவப்பணுக்களில் படியும் சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. ஆகவே இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் எண் பொய்யாக உயரலாம். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் நோய்களில் பொய்யாகக் குறையலாம். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்து, விரல் நுனிச் சர்க்கரை அளவுகளோடு இது ஒத்துப்போகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்துவிட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமின், ரத்தக் கிரியாட்டினின், கொழுப்பு அளவுகள், ரத்த அழுத்தம் ஆகியவற்றை இந்த மாதமே பார்த்துவிடுங்கள். பாத உணர்வையும் சோதிக்கச் சொல்லுங்கள்: பத்து கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே படுகிறது என்று சொல்லச் சொல்வார்கள், ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அதை மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உயர்ந்த சர்க்கரை மிக விரைவாக இறங்கும்போது சிலருக்குத் தொடக்கத்தில் கண் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகும். டிசிசிடியிலும் அது காணப்பட்டது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கண்ணைக் கவனித்தபடியே தொடரலாம்.

உங்களுக்கு எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின் மட்டும் என்றால், அது தனித்துக் கொடுக்கப்படும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது மிக அரிது. அக்கார்டை நினைத்து அஞ்சி அதைத் தவிர்க்க வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் வயிற்றுத் தொந்தரவும் குறையும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஹெச்பிஏ1சி பார்த்து, அடுத்த படியை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். தந்தைக்கு நிறுத்தப்பட்ட மாத்திரை எது என்பதைச் சீட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். வேறொரு மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டைக் காட்டி அது மறுபடி எழுதப்பட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவர் ஒருவேளை சாப்பிடாமல் படுத்துவிட்டாலோ, வழக்கத்துக்கு மாறாகப் பேச்சு குழறினாலோ, முதலில் சர்க்கரையைப் பாருங்கள்; 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.